இழுப்பதா, பொருத்துவதா, எண் கொடுப்பதா, மடிப்பதா? கூகுள் ஷீட்ஸில் நெடுவரிசை, கிடைவரிசை அளவை மாற்றும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வடசென்னையில் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்குகள் பல இப்போது கூகுள் ஷீட்ஸுக்கு வந்துவிட்டன. எம்.சி. ரோட்டுத் துணிக்கடையின் வாடிக்கையாளர் முகவரிகள், காசிமேட்டு மீன் வியாபாரியின் அன்றாட வரவு, தண்டையார்பேட்டை டியூஷனின் வருகைப் பதிவு, மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பு என்று எதைத் திறந்தாலும் அதே கட்டங்கள். இந்தக் கணக்குகளை எழுதுகிறவர்கள் என்னிடம் சூத்திரங்களைப் பற்றிக் கேட்பது குறைவு. அளவைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். "முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது." "அச்சு எடுத்தால் எழுத்து பொடியாகிவிடுகிறது." "நேற்று சரிசெய்து வைத்த அகலம் இன்று மாறியிருக்கிறது, அண்ணா."

இதற்கு நான்கு வழிகள் உண்டு. எல்லைக் கோட்டைப் பிடித்துக் கையால் இழுக்கலாம். இரட்டைக் கிளிக் செய்து தகவலுக்குப் பொருந்த விடலாம். பிக்சல் (திரையின் சிறு புள்ளி) எண்ணைக் கொடுத்து நிர்ணயிக்கலாம். அகலத்தை அப்படியே விட்டுவிட்டு வரியை மடிக்கலாம். எது சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஷீட் முழுவதற்கும் ஒரே வழியைத் தேடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முடிவெடுக்க வேண்டியது ஷீட்டுக்கு அல்ல, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். வெட்டுப்பட்டதாகத் தெரியும் எழுத்து எங்கும் போய்விடவில்லை. புதிய ஷீட்டில் நெடுவரிசை 100 பிக்சல் அகலத்திலும் கிடைவரிசை 21 பிக்சல் உயரத்திலும் இருக்கும். அதைத் தாண்டி நீளும் எழுத்து, வலப்பக்கக் கட்டம் காலியாக இருந்தால் அதன்மேல் வழியும். அங்கே ஏதாவது எழுதப்பட்டிருந்தால் எல்லையோடு மறைந்துவிடும். முகவரியை எழுதியபோது முழுதாகத் தெரிந்து, பக்கத்தில் தொலைபேசி எண்ணை நிரப்பியதும் பாதி காணாமல் போவது இதனால்தான். அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள், முழு முகவரியும் அங்கே இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஷீட்டைப் படிக்கப்போவது எதில் என்பது. நிமிர்த்திப் பிடித்த போனில் 100 பிக்சல் நெடுவரிசைகள் மூன்று தெரிந்தால் அதிகம். கணினித் திரையில் பத்துக்கு மேல் தெரியும். அச்சில் என்றால் ஏ4 தாளின் 210 மில்லிமீட்டர், படுக்கையாக வைத்தால் 297 மில்லிமீட்டர், அவ்வளவுதான் இடம். ஒரே ஷீட்டை மூன்றிலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடைசியில் ஒரு வழி சொல்கிறேன்.

இரண்டாவது, தகவலின் நீளம் சீரானதா என்பது. பின்கோடு எப்போதும் ஆறு இலக்கம்: ராயபுரம் 600013, பழைய வண்ணாரப்பேட்டை 600021, திருவொற்றியூர் 600019. கைபேசி எண் பத்து இலக்கம். முகவரியும் குறிப்பும் அப்படி அல்ல. ஒருவருக்கு அரை வரி, அடுத்தவருக்கு மூன்று வரி.

மூன்றாவது, இன்று சரியாக இருக்கும் அளவு அடுத்த மாதமும் சரியாக இருக்குமா என்பது. நான்காவது, ஷீட்டில் எத்தனை பேர் கை படுகிறது என்பது. கூகுள் ஷீட்ஸில் அகலம் அனைவருக்கும் பொது. தொகுக்கும் உரிமை உள்ள எவர் இழுத்தாலும் எல்லோருடைய திரையிலும் மாறும். 'என் திரைக்கு மட்டும் அகலமாக இருக்கட்டும்' என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஐந்தாவது அளவுகோல் நம்முடையது: ஷீட் தமிழில் இருக்கிறதா என்பது. கூகுள் ஷீட்ஸின் இயல்பான எழுத்துரு ஏரியல். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால் தமிழில் எழுதியதும் உங்கள் கருவி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. விண்டோஸ் கணினியில் அது நிர்மலா யுஐ அல்லது லதாவாக இருக்கலாம், ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ சான்ஸ் தமிழ். 'திருவொற்றியூர்' என்ற ஒரே சொல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அகலம் பிடிக்கிறது. கடைக் கணினியில் கச்சிதமாக இருந்த நெடுவரிசை முதலாளியின் போனில் கடைசி எழுத்தை விழுங்குவதற்குக் காரணம் இதுதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன்பு எழுத்துருவைத் தீர்மானித்துவிடுங்கள். எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' திறந்து, அங்கே ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன், பவனம் போன்றவை கிடைக்கும். ஒன்றை ஷீட் முழுவதற்கும் போட்டுவிட்டால் எழுத்தின் அகலம் கருவிக்குக் கருவி மாறும் தொல்லை பெருமளவு ஒழியும்.

## கையால் இழுப்பது

மேலே ஏ, பி, சி என்று எழுத்துகள் உள்ள பட்டையில், இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சுட்டியைக் கொண்டுபோனால் அது அம்பாக மாறும். பிடித்து இழுத்தால் அகலம் மாறும். கிடைவரிசைக்கு இடப்பக்க எண்களுக்கு நடுவே இதையே செய்ய வேண்டும். போனில் எழுத்தைத் தொட்டால் அதன் ஓரத்தில் ஒரு பிடி தெரியும், அதை விரலால் இழுக்க வேண்டும்.

இதன் பலம் வேகம். கண்ணால் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம், எந்த மெனுவையும் திறக்க வேண்டாம். பல நெடுவரிசைகளை ஷிஃப்ட் விசையோடு தேர்ந்தெடுத்துக்கொண்டு ஒன்றின் கோட்டை இழுத்தால் அத்தனையும் ஒரே அகலத்துக்கு வரும். இதைத் தெரியாமல் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

மறைமுகச் செலவுகள் மூன்று. கை நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. ஏப்ரல் ஷீட்டும் மே ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. இரண்டாவது, குறி தவறினால் நடப்பது. ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட நெடுவரிசையின் எல்லைக் கோட்டை விட்டுவிட்டு அதன் எழுத்தையே பிடித்து இழுத்தால், அகலம் மாறாது. நெடுவரிசையே இடம் மாறிவிடும். தொகை இருந்த இடத்தில் தேதி, தேதி இருந்த இடத்தில் பெயர். உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பிவிடும். கவனிக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டால் தேடுவது கடினம். மூன்றாவது, அதிகமாக ஒடுக்கிவிடுவது. நெடுவரிசை கோடு போல் சுருங்கிவிட்டால், குழுவில் அடுத்தவர் வந்து பார்த்துவிட்டு "வட்டிக் கணக்கை யார் அழித்தது?" என்று கேட்பார். அழிக்கப்படவில்லை, நசுங்கிக் கிடக்கிறது. பண விஷயத்தில் இப்படியொரு சந்தேகம் ஒரு கணம் எழுந்தாலும் குழுவுக்கு நல்லதல்ல. மறைக்க வேண்டிய நெடுவரிசையை வலது கிளிக் செய்து முறைப்படி 'ஹைட்' கொடுங்கள். மறைந்திருக்கிறது என்பதற்கு மேலே அம்புக்குறி தெரியும்.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சிறு ஷீட்டுக்கும், ஏலத்தில் நின்றபடி போனில் அவசரமாகப் பார்ப்பதற்கும் இழுப்பதே போதும். மற்ற இடங்களில் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

## இரட்டைக் கிளிக்: தகவலுக்குப் பொருந்த விடுவது

அதே எல்லைக் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் அந்த நெடுவரிசையின் மிக நீளமான தகவலுக்கு ஏற்ப அகலம் தானே அமையும். வலது கிளிக் செய்து 'ரீசைஸ் காலம்' திறந்தால் 'ஃபிட் டு டேட்டா' என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. கன்ட்ரோல் ஏ கொடுத்து ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் எல்லா நெடுவரிசைகளும் ஒரே நொடியில் ஒழுங்குக்கு வரும். எக்செலின் இணையப் பதிப்பிலும் எல்லைக் கோட்டு இரட்டைக் கிளிக் இப்படியே வேலை செய்கிறது. வேறொருவர் அனுப்பிய குழப்பமான ஷீட்டைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். என்னென்ன தகவல் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆனால் இதைத்தான் மக்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். 'தானியங்கி' என்று தோன்றுவதால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். மூன்று இடங்களில் இது காலை வாருகிறது.

முதலாவது, முகவரி. சென்னையில் கதவு எண்கள் மாறியபின் ஒரு வீட்டுக்கு இரண்டு எண்கள். தபால்காரருக்கும் கூரியர் பையனுக்கும் இரண்டும் வேண்டும் என்பதால் வாடிக்கையாளர்கள் இரண்டையும் சொல்கிறார்கள். 'புதிய எண் 27, பழைய எண் 13/2, இரண்டாவது மாடி, பிள்ளையார் கோயில் தெரு இரண்டாவது சந்து, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 600021' என்று ஒரே கட்டத்தில் ஒரு முகவரி வந்துவிட்டால் போதும். அந்த நெடுவரிசை மடிக்கணினித் திரையின் பாதியைத் தின்றுவிடும். மற்ற நூறு முகவரிகள் அதில் பாதி நீளம்கூட இல்லாவிட்டாலும், அந்த ஒன்றுக்காக எல்லாம் அகலமாகும். தொகையும் தேதியும் வலப்பக்கம் எங்கோ தள்ளிப்போய்விடும்.

இரண்டாவது, தலைப்பு. பலர் முதல் கட்டத்திலேயே 'மகளிர் குழு மாதாந்திரச் சேமிப்பு மற்றும் கடன் கணக்கு' என்று நீளமாக எழுதுகிறார்கள். அதன் கீழே இருப்பது வரிசை எண். 1, 2, 3 என்ற எண்களுக்கு 40 பிக்சல் போதும். ஃபிட் டு டேட்டா கொடுத்தால் தலைப்பின் முழு நீளத்துக்கு அந்த நெடுவரிசை விரிந்துவிடும். தலைப்பைக் கட்டத்தில் எழுத வேண்டிய தேவையே இல்லை. ஷீட்டின் பெயராகக் கீழே உள்ள தாவலில் எழுதிவிட்டு, அச்சிடும்போது 'ஹெடர்ஸ் அண்டு ஃபுட்டர்ஸ்' பகுதியில் ஷீட் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அதுவே வரும்.

மூன்றாவது, இது ஒருமுறை நடக்கும் செயல். தொடர்ந்து காவல் காப்பதில்லை. காசிமேட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் போய்வரும். அந்த நாட்களின் சிறிய தொகைகளைப் பார்த்து ஃபிட் டு டேட்டா கொடுத்து வைத்த நெடுவரிசை, விசைப்படகுகள் இறங்கி வஞ்சிரமும் இறாலும் வந்து தொகை லட்சத்தைத் தொடும்போது போதாமல் போகும். அகலம் தானாக வளராது, மறுபடியும் நீங்கள்தான் கிளிக் செய்ய வேண்டும். ஷீட்டை எக்செல் கோப்பாக இறக்கி ஆடிட்டருக்கு அனுப்பினால் இன்னும் மோசம். எக்செலில் இடம் போதாத எண் ##### என்றுதான் தெரியும்.

வடிகட்டி (ஃபில்டர்) போட்டிருந்தால் தலைப்பு வரிசையின் வலது ஓரத்தில் ஒரு குறி உட்காரும். கச்சிதமாகப் பொருத்திய அகலத்தில் அந்தக் குறி தலைப்பின் கடைசி எழுத்துகளை மறைக்கும். பொருத்தியபின் 20 பிக்சல் அளவுக்குக் கூடுதலாக இடம் விடுங்கள்.

பெயர், ஊர், மீன் வகை போல நீளம் ஓரளவு சீராக உள்ள நெடுவரிசைகளுக்கு இது பொருத்தமான வழி. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடம்பா, கானாங்கெளுத்தி என்று எழுதும் நெடுவரிசையில் மிக நீளமான பெயர் எதுவென்று முன்கூட்டியே தெரியும். ஒருமுறை பொருத்திவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

## பிக்சல் எண் கொடுப்பது

இது சலிப்பான வழியாகத் தோன்றும். பலர் பார்க்கும் கணக்குக்கும் அச்சில் போகும் கணக்குக்கும் நான் பரிந்துரைப்பது இதையே. நெடுவரிசையின் எழுத்தில் வலது கிளிக் செய்து 'ரீசைஸ் காலம்' திறந்தால் ஒரு பெட்டியில் 100 என்று இருக்கும். அங்கே வேண்டிய எண்ணை எழுத வேண்டும். கிடைவரிசைக்கு 'ரீசைஸ் ரோ', அங்கே 21 என்று இருக்கும்.

எழுத்தளவு 10 என்று வைத்துக்கொண்டால் கீழே உள்ள எண்கள் சரியாக வரும்: வரிசை எண்ணுக்கு 40, ஆறு இலக்கப் பின்கோட்டுக்கு 65, நாள் மாதம் ஆண்டு என்று முழுதாக எழுதிய தேதிக்கு 85, பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கு 95, பைசாவோடு லட்சம் வரை போகும் தொகைக்கு 95, தமிழில் எழுதிய பெயருக்கு 150. எழுத்தளவை 10லிருந்து 14 ஆக்கினால் இவை எல்லாமே ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். எண் கொடுப்பதன் முதல் மறைமுகச் செலவு இதுதான். எழுத்தளவோ எழுத்துருவோ மாறினால் அகலம் தானாகப் பின்தொடராது.

இதன் பலம் வருகைப் பதிவில் தெரியும். மாணவர் பெயர் ஏ நெடுவரிசையில் இருக்கிறது. தேதிகள் பி முதல் ஏஎஃப் வரை, சரியாக 31 நெடுவரிசைகள். இயல்பான 100 பிக்சலில் விட்டால் தேதிகள் மட்டும் 3,100 பிக்சல். அதை ஒரே பக்கத்தில் அச்சிட, அச்சுத் திரையில் 'ஃபிட் டு விட்த்' கொடுத்தால் கூகுள் ஷீட்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கும். எழுத்தும் சேர்ந்து சுருங்கும். 'அச்சில் பொடியாகிவிடுகிறது' என்ற புகாரின் மூலம் இதுவே. குறை பிரிண்டரில் இல்லை. பி எழுத்தைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் விசையோடு ஏஎஃப் எழுத்தைக் கிளிக் செய்து, வலது கிளிக்கில் 28 என்று கொடுங்கள். 31 தேதிகளும் 868 பிக்சலுக்குள் அடங்கிவிடும். 'வ' என்று ஒரு எழுத்து எழுத 28 தாராளம். தாளைப் படுக்கையாக வைத்து அச்சிட்டால் பார்வை மங்கிய பெற்றோரும் படிக்கும் அளவில் வரும். அடுத்த பக்கத்திலும் தேதித் தலைப்பு வர வேண்டுமென்றால் முதல் வரிசையை 'ஃப்ரீஸ்' செய்து (நகராமல் நிறுத்தி), அச்சுத் திரையில் அதை மறுபடி அச்சிடச் சொல்ல வேண்டும்.

கிடைவரிசைக்கு எண் கொடுக்க வேண்டிய இடம் கையெழுத்து. மகளிர் குழுக் கூட்டத்தில் தாளைச் சுற்றுக்கு விடுகிறார்கள். 21 பிக்சல் உயரத்தில் யாராலும் கையெழுத்துப் போட முடியாது. ஒருவருடையது அடுத்தவர் வரிசையில் ஏறிவிடும். உறுப்பினர் வரிசைகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 40 கொடுங்கள். விரல்ரேகை வைப்பவர்கள் இருந்தால் 60. வயதான உறுப்பினரின் கையெழுத்துக்கு இடம் விடுவது அவருக்குக் காட்டும் மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

உயரத்தை இப்படிக் கையால் நிர்ணயித்த வரிசையில் பிறகு நீளமாக எழுதினால் கீழ்ப்பகுதி வெட்டுப்படுவதைப் பார்க்கலாம். அந்த வரிசையை மட்டும் மீண்டும் 'ஃபிட் டு டேட்டா' ஆக்குங்கள். இன்னொன்று, எக்செலில் அகலம் பிக்சலில் எழுதப்படுவதில்லை. எழுத்துகளின் எண்ணிக்கையில், இயல்பாக 8.43 என்று இருக்கும். உயரம் பாயிண்ட் கணக்கில். இங்கே மனப்பாடம் செய்த எண்ணை அங்கே கொடுத்தால் ஒரு நெடுவரிசை திரையைத் தாண்டி ஓடும். சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் எந்த அளவும் கூடவராது, அது வெறும் எழுத்துகளின் கோப்பு.

## வரியை மடிப்பது

நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் 'ராப்பிங்' போய் 'ராப்' கொடுத்தால், எல்லையைத் தொடும் எழுத்து அடுத்த வரிக்கு மடியும். கிடைவரிசை தானே உயரும். அகலம் மாறாது. முகவரிக்கும் குறிப்புக்கும் வேறு நல்ல வழி கிடையாது.

தமிழில் மடிப்பதற்கு ஒரு விதி இருக்கிறது. நெடுவரிசையின் அகலம், அதில் வரக்கூடிய மிக நீளமான ஒற்றைச் சொல்லைவிடக் குறையக் கூடாது. நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எல்லாமே நீளம்: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர். அகலம் போதாவிட்டால் மடிப்பு சொல்லின் நடுவிலேயே விழும். 'தண்டையார்பே' ஒரு வரியிலும் 'ட்டை' அடுத்த வரியிலும் நிற்கும். மேலே சொன்ன முகவரியை 220 பிக்சலில் மடித்தால் சொல் உடையாமல் சில வரிகளில் அடங்கும். 100 பிக்சலில் விட்டால் சொற்கள் உடைந்து, வரிசை உயரமாகி, ஒரு திரையில் தெரிய வேண்டிய வாடிக்கையாளர் எண்ணிக்கை கால்வாசியாகிவிடும். மடிக்கும் நெடுவரிசைக்கு முதலில் பிக்சல் எண், பிறகு மடிப்பு என்ற வரிசையை விடாதீர்கள்.

இதில் அதிகம் பேர் தடுமாறுவது, எழுத்து கட்டத்தின் மேலே நிற்பதா கீழே நிற்பதா என்ற விஷயத்தில். கூகுள் ஷீட்ஸில் எழுத்து இயல்பாகக் கட்டத்தின் அடியில் உட்காரும். முகவரி நான்கு வரியாகிவிட்டால் பெயரும் தொகையும் அந்த உயரமான கட்டத்தின் அடியில் போய் நிற்கும், முகவரியின் முதல் வரிக்கு நேராக வெற்றிடம் இருக்கும். கண் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். கூரியர் உறையில் ஒருவர் பெயரும் இன்னொருவர் முகவரியும் சேர்ந்துவிடுவது இப்படித்தான். ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் மெனுவில் 'அலைன்மென்ட்' போய் 'டாப்' கொடுத்துவிடுங்கள். மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே இதுவும் இருக்க வேண்டும்.

எண்களுக்கு மடிப்பு வேண்டாம். மடிப்பதற்குப் பதிலாகக் கட்டங்களை ஒன்றாக இணைத்து இடம் தேடுபவர்களும் உண்டு. இணைத்த கட்டங்கள் உள்ள பகுதியை வரிசைப்படுத்தப் போனால் ஷீட்ஸ் மறுக்கும். கணக்கு வைக்கும் பகுதியில் இணைப்பைத் தொடவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இழுப்பது | இரட்டைக் கிளிக் | பிக்சல் எண் | மடிப்பு |
|---|---|---|---|---|
| ஆகும் நேரம் | மிகக் குறைவு | மிகக் குறைவு | முதல்முறை சற்று அதிகம் | குறைவு |
| மாதாமாதம் ஒரே அளவு | வராது | தகவலைப் பொறுத்தது | வரும் | அகலம் மாறாது, உயரம் மாறும் |
| நீளும் தகவல் | மீண்டும் இழுக்க வேண்டும் | மீண்டும் கிளிக் செய்ய வேண்டும் | வெட்டுப்படலாம் | தானே இடம் கொடுக்கும் |
| போனில் படிக்க | கை வசதி | முகவரியால் கெடும் | நல்லது | நல்லது, வரிசைகள் உயரும் |
| அச்சுக்கு | நம்ப முடியாது | பக்கம் தாண்டலாம் | மிக நல்லது | பக்க எண்ணிக்கை கூடும் |
| பலர் கை படும் ஷீட் | தவிர்க்கவும் | கவனமாக | மிக நல்லது | நல்லது |
| பொருத்தமான தகவல் | தற்காலிகப் பார்வை | பெயர், வகை | எண், தேதி, கையெழுத்து | முகவரி, குறிப்பு |

## ஒருமுறை செய்ததை மறுபடி செய்யாமலிருக்க

கட்டங்களைச் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் தகவல் போகும், அகலம் போகாது. நகலெடுத்தபின் வலது கிளிக்கில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' திறந்தால் 'காலம் விட்த் ஒன்லி' என்று இருக்கும். அது அகலத்தை மட்டும் ஒட்டும், தகவலைத் தொடாது. மாதக் கணக்குக்கு இன்னும் எளிய வழி, கீழே உள்ள தாவலில் வலது கிளிக் செய்து 'டூப்ளிகேட்' கொடுப்பது. எல்லா அளவும் அப்படியே வரும். பழைய தொகைகளை அழித்துவிட்டுப் புதிய மாதத்தைத் தொடங்கலாம்.

எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் மேக்ரோ (செய்த படிகளைப் பதிந்து மறுபடி இயக்கும் வசதி) பதிவுசெய்து, அகலங்களை ஒரு விசைக் கூட்டில் திரும்பக் கொண்டுவரவும் முடியும். பலர் இழுத்துக் கலைக்கும் ஷீட்டுக்கு இது கைகொடுக்கும். ஆனால் மேக்ரோ போன் செயலியில் ஓடாது. வேலையெல்லாம் போனிலேயே நடக்கும் இடத்தில் இதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

## உங்கள் ஷீட்டுக்கு எது

துணிக்கடை வாடிக்கையாளர் பட்டியல் என்றால்: பெயருக்கு இரட்டைக் கிளிக், கைபேசி எண்ணுக்கும் பின்கோட்டுக்கும் பிக்சல், முகவரிக்கு 220 பிக்சலும் மடிப்பும். பின்கோட்டை முகவரியிலிருந்து பிரித்துத் தனி நெடுவரிசையில் வைத்தால் முகவரி ஒரு வரி குறையும். பின்கோடு வாரியாக வரிசைப்படுத்திக் கூரியரிடம் கொடுக்கவும் முடியும்.

மீன் கணக்கில் மீன் வகை தவிரப் பெரும்பாலும் எண்கள். எடை, விலை, தொகை, பாக்கி அத்தனைக்கும் பிக்சல் எண். இன்றைய தொகையைப் பார்த்து அகலத்தை முடிவு செய்யாமல், பருவத்தின் உச்சத்தில் வரக்கூடிய தொகையை ஒரு கட்டத்தில் எழுதிப் பார்த்து, அதற்குப் பொருந்தும் அகலத்தை வையுங்கள். பிறகு அந்தச் சோதனை எண்ணை அழித்துவிடுங்கள்.

டியூஷன் வருகைப் பதிவுக்குப் பிக்சல் மட்டும். மகளிர் குழுவுக்கு அகலமும் உயரமும் பிக்சலில். தீர்மானக் குறிப்புக்கு மட்டும் மடிப்பு. போனில் படிக்கும் உறுப்பினர்கள் இருந்தால் பெயர் நெடுவரிசையை 'ஃப்ரீஸ்' செய்யும் ஆசை வரும். செய்யலாம், ஆனால் அதன் அகலம் 120 பிக்சலுக்குள் இருக்கட்டும். ஃப்ரீஸ் செய்த பகுதி திரையில் நகராமல் நிற்கும். அதுவே அகலமாக இருந்தால் தொகைகள் நகர்ந்து வர இடமே இருக்காது, உறுப்பினர் தன் சேமிப்பைப் பார்க்க முடியாமல் போனை மூடிவிடுவார்.

போனிலும் படிக்க வேண்டும், அச்சிலும் வர வேண்டும் என்பவர்கள் ஒரே தாவலில் இரண்டையும் சமாளிக்க முயல வேண்டாம். அகலம் ஒவ்வொரு தாவலுக்கும் தனி. தகவலை எழுத ஒரு தாவல். போனுக்கு இன்னொன்று; அதில் குவெரி (QUERY) சூத்திரத்தால் பெயர், தொகை, பாக்கி என்ற மூன்று நெடுவரிசைகளை மட்டும் முதல் தாவலிலிருந்து வரவழையுங்கள். முதல் தாவலில் எழுதுவது இரண்டாவதில் தானே தெரியும். சூத்திரம் தகவலைக் கொண்டுவரும், அகலத்தைக் கொண்டுவராது. அதனால் போன் தாவலின் மூன்று நெடுவரிசைகளுக்கும் ஒருமுறை எண் கொடுத்துவிட வேண்டும்: 120, 90, 90. பெரும்பாலான போன்களில் பக்கவாட்டில் நகர்த்தாமலேயே மூன்றும் திரைக்குள் அடங்கும்.